தூத்துக்குடிக்குக் கல்யாணத்துக்கு வருகிறீர்களா? பந்தி முடிந்து ரயில் ஏறும்வரை எங்கே போகலாம்

எங்கள் குடும்பத்தில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும், பத்திரிகை போய்ச் சேர்ந்த ஒரு வாரத்தில் சென்னையிலிருந்து எனக்கு ஒரு போன் வந்துவிடும். "அத்தான், முகூர்த்தம் காலையிலேயே முடிஞ்சிருது. ரயில் ராத்திரிதான். அதுவரைக்கும் பிள்ளைகளை வச்சுக்கிட்டு மண்டபத்துலயே உக்காந்திருக்க முடியுமா? பக்கத்துல பாக்க என்ன இருக்கு?" கேட்கிற ஆள் மாறுவார், கேள்வி மாறாது. மண்டபத்து வாசலிலேயே நாலு பேர் நாலு யோசனை சொல்வார்கள். ஒருவர் திருச்செந்தூர் என்பார், ஒருவர் கன்னியாகுமரி என்பார், ஊர்க்காரர் ஒருவரே "தூத்துக்குடில என்ன இருக்கு, ரூம்ல படுத்துத் தூங்குங்க" என்பார். அந்தக் கடைசி யோசனை எனக்கு ஒவ்வொரு தடவையும் வலிக்கும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். ஒரு சாயங்காலத்துக்குத் தேவையானதைவிட அதிகமாகவே இங்கே இருக்கிறது.

மூன்று வருடம் முன்னால் வைகாசியில் என் தங்கை மகள் கல்யாணம். சென்னையிலிருந்து வந்த பதினோரு பேர் பந்தி முடிந்த கையோடு வேன் பிடித்துக் கன்னியாகுமரிக்குக் கிளம்பினார்கள். கிளம்பும்போதே மணி பதினொன்றரை. அங்கே போய்ச் சேர்ந்து, முகம் கழுவி, படகுத்துறை வரிசைக்குப் போனபோது அன்றைய டிக்கெட் முடிந்துவிட்டது. பாறையையும் சிலையையும் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். முழங்கால் வலியோடு வந்த பெரிய மாமா வேனைவிட்டு இறங்கவே இல்லை. வேன் வாகைக்குளம் தாண்டும்போது ரயில் தூத்துக்குடியிலிருந்து கிளம்பிவிட்டது. ராத்திரி பத்து மணிக்கு நான் பஸ் ஸ்டாண்டில் நின்று பதினோரு இடம் தேடிக்கொண்டிருந்தேன். தவறு அவர்களுடையது இல்லை. "தூரம், போகாதீங்க" என்று நான் உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டும். இனிமேல் கேட்பவர்களுக்கெல்லாம் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

## இடத்தைப் பார்க்கும் முன் இவற்றைப் பாருங்கள்

கையில் இருக்கும் நேரம். முகூர்த்தம் காலை ஒன்பதுக்கு என்றால் பத்தரைக்குப் பந்தி, பதினொன்றரைக்கு மொய், போட்டோ. உடை மாற்றிக் கிளம்பப் பன்னிரண்டு ஆகும். ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பாவது அறைக்குத் திரும்ப வேண்டும். ஆக, நிஜமாகக் கிடைப்பது ஆறு மணி நேரம், அதிகம் போனால் ஏழு. அதில் முதல் மூன்று மணி நேரம் உச்சி வெயில்.

முகூர்த்த நாள். இதைப் பலரும் யோசிப்பதே இல்லை. உங்கள் கல்யாண நாள் உங்களுக்கு மட்டும் நல்ல நாள் அல்ல. ஜில்லா முழுக்க அன்றைக்குக் கல்யாணம். வாடகை வேன் கிடைக்காது, கிடைத்தாலும் டிரைவர் அதிகாலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டு ஆட்களை ஏற்றி இறக்கிக் களைத்திருப்பார். கோயில்களில் கூட்டம் இரட்டிப்பாக இருக்கும்.

கூட வருகிறவர்களில் மெதுவாக நடப்பவர். பத்துப் பேர் போனால் பத்தாவது ஆளின் நடைதான் அன்றைய வேகம். படி ஏற முடியாத பெரியம்மையும் தூக்கிக்கொள்ளச் சொல்லும் குழந்தையும் இருந்தால் தூரத்தைவிடப் படிகளையும் மணலையும்தான் கணக்குப் போட வேண்டும்.

என்ன சாப்பிட்டீர்கள். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் முகூர்த்தச் சாப்பாடு சைவம், மறுவீட்டுக்குக் கறிச்சோறு. கிறிஸ்தவ, முஸ்லிம் வீட்டுக் கல்யாணம் என்றால் அன்றைக்கே பிரியாணி. கறி சாப்பிட்ட நாளில் கோயிலுக்குப் போகாதவர்கள் நம்மில் நிறையப் பேர். கோயில் திட்டம் இருந்தால் மறுவீட்டுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும்.

வண்டிச் செலவின் மறுபக்கம். கிலோமீட்டர் வாடகை கண்ணுக்குத் தெரியும். டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், காத்திருப்பு நேரம், மண்டபத்திலிருந்து வண்டி நிற்கும் இடத்துக்கு ஆட்டோ இதெல்லாம் கடைசியில்தான் தெரியும். வாடகை பேசும்போதே எல்லாம் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| இடம் | ஒரு வழித் தூரம் | போய்வர வேண்டிய நேரம் | சரியான பொழுது | யோசிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| ஊருக்குள்ளேயே | சில கி.மீ. | 3–4 மணி | மாலை 4-க்கு மேல், அல்லது விடியற்காலை | நடுப்பகல் வெயில் |
| திருச்செந்தூர் | 40 கி.மீ. | 5–6 மணி, முகூர்த்த நாளில் கூடும் | முந்தின நாள், அல்லது மறுநாள் அதிகாலை | வரிசை, கறிச் சாப்பாடு |
| மணப்பாடு, தேரி | சுமார் 60 கி.மீ. | 5–6 மணி | பிற்பகல் | மணல், படி, சாப்பாட்டுக் கடை குறைவு |
| நவதிருப்பதி | முதல் கோயிலுக்குச் சுமார் 35 கி.மீ. | ஒரு காலை முழுவதும் | காலை 7 முதல் நண்பகல் வரை | மதியம் நடை சாத்தல் |
| பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம் | சுமார் 20, 45 கி.மீ. | 4–5 மணி | எந்த நேரமும் | வெயில் |
| கன்னியாகுமரி | சுமார் 130 கி.மீ. | முழு நாள் | தனியாக ஒரு நாள் ஒதுக்கினால் மட்டும் | படகு நேரம் |

## திருச்செந்தூர்

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். அறுபடை வீடுகளில் இரண்டாவது. மற்றவை மலையையும் குன்றையும் ஒட்டியே பேசப்பட, இங்கே முருகன் அலை அடிக்கும் கரையில் நிற்கிறார். 2025 ஜூலை 7-ல் குடமுழுக்கு நடந்தது. கோயிலைச் சுற்றி வசதிகள் கூடியிருக்கின்றன, கூட்டமும் கூடியிருக்கிறது.

தூத்துக்குடியிலிருந்து போகும் பாதையே பாதி சுகம். முள்ளக்காடு பக்கம் இரண்டு புறமும் உப்பளம். மாசிக்கு மேல் போனால் பாத்திகளின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள் தெரியும். அப்புறம் தாமிரபரணி, ஆத்தூர். உங்கள் தாம்பூலப் பையில் இருக்கும் வெற்றிலை பெரும்பாலும் இந்த ஆத்தூர் கொடிக்காலில் பறித்ததுதான். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய வெற்றிலை. சவாரி பேசும்போது இந்தக் கடற்கரைப் பாதையில்தான் போக வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

இனி மறைமுகச் செலவு. பணத்தைவிட நேரம்தான் இங்கே அதிகம் போகும். முகூர்த்த நாளில் திருச்செந்தூரிலேயே ஏகப்பட்ட கல்யாணங்கள் நடக்கும். சன்னதித் தெருவில் மாலையும் கழுத்துமாக ஜோடி ஜோடியாக வருவார்கள். கட்டண வரிசையில் நின்றாலும் எப்போது உள்ளே போவோம் என்று யாராலும் சொல்ல முடியாது. செல்போனை வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும், திரும்ப வாங்க இன்னொரு வரிசை. பதினோரு பேர் போய் நாலு பேர் முன்னால் வெளியே வந்துவிட்டால் மற்றவர்களைக் கூப்பிடக்கூட வழியில்லை. ஆகவே உள்ளே போகும் முன்பே "தரிசனம் முடிஞ்சா இந்த இடத்துல நிக்கணும்" என்று ஒரு இடம் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும். வேட்டியும் துண்டும் இருந்தால் நல்லது. கல்யாணப் பட்டும் நகையுமாகப் பெண்கள் அந்த நெரிசலுக்குள் போவது எனக்கு உடன்பாடில்லை. அறையில் மாற்றிவிட்டுப் பருத்திச் சேலையில் வாருங்கள்.

கடலில் குளித்துவிட்டு நாழிக்கிணற்றில் தலைக்கு ஊற்றிக்கொள்வது வழக்கம். கடலுக்கு இத்தனை பக்கத்தில் அந்தக் கிணற்றுத் தண்ணீர் உப்பில்லாமல் இருப்பதை ஒவ்வொரு முறையும் வாயில் வைத்துப் பார்த்து வியக்கிறேன். ஆனால் குளியல், ஈர உடை மாற்றல் என்று ஆரம்பித்தால் கூட ஒன்றரை மணி நேரம். ரயில் அன்றைக்கே என்றால் காலை நனைத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பன்னீர் இலையில் மடித்துத் தரும் விபூதியை வாங்க மறக்காதீர்கள். அந்த இலையின் பன்னிரண்டு நரம்பும் முருகனின் பன்னிரண்டு கை என்று என் அம்மா விரலால் எண்ணிக் காட்டுவாள்.

முந்தின நாள் மதியத்துக்குள் ஊர் வந்துவிட்டவர்களுக்கும், மறுநாளும் தங்குகிறவர்களுக்கும் திருச்செந்தூர்தான் முதல் தேர்வு. மறுநாள் விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினால் இன்னும் நல்லது. கிழக்குப் பார்த்த கடல், சூரியன் எழும்புவதைப் பார்த்துவிட்டே கும்பிடலாம். கல்யாணத்தன்று மதியம் போக நினைப்பவர்களுக்கு மட்டும், வேண்டாம் என்பேன்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சென்னைக்காரர்கள் வரும்போது முத்துநகர் எக்ஸ்பிரஸில் தூத்துக்குடிக்கு வந்து, போகும்போது செந்தூர் எக்ஸ்பிரஸில் திருச்செந்தூரிலிருந்தே ஏறலாம். திரும்பி வரும் நாற்பது கிலோமீட்டர் மிச்சம். பெட்டி படுக்கையை வண்டியிலேயே வைத்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். டிக்கெட் எடுக்கும் முன்பே இது தெரிந்திருந்தால் மிகவும் உதவும். அதனால்தான் பத்திரிகை அனுப்பும்போதே நான் இதைச் சொல்லிவிடுகிறேன்.

## மணப்பாடும் செம்மண் தேரியும்

திருச்செந்தூரைத் தாண்டிக் குலசேகரன்பட்டினம் வழியாக இன்னும் 18 கிலோமீட்டர் போனால் மணப்பாடு. குலசையைத் தசராவுக்காக எல்லோருக்கும் தெரியும். இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியதும் அங்கேதான்.

மணப்பாட்டில் கடலுக்குள் நீட்டிய மணற்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம் நிற்கிறது. 1581-ல் கட்டியது. 1542-ல் இந்தக் கரைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை அதற்குக் கீழே, கடல் பக்கமாக இருக்கிறது. உள்ளே ஒரு சின்னக் கிணறு, அதிலும் நல்ல தண்ணீர். குன்றின் மேல் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி, நடுவில் ஓட்டு வீடுகளும் ஆலயக் கோபுரங்களும். காற்று சேலைத் தலைப்பைப் பிடுங்கிக்கொண்டு போகும். போட்டோ எடுக்க ஆசைப்படும் இளவட்டங்களுக்கு இதைவிட நல்ல இடம் இந்த ஜில்லாவில் இல்லை.

வரும்போதோ போகும்போதோ கொஞ்சம் உள்ளே திரும்பினால் தேரிக்காடு. ரத்தச் சிவப்பில் மேடு மேடாக மணல், நடுவில் பனையும் முந்திரியும். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் அந்த மணலுக்கு நடுவில்தான். பக்கத்தில் சுனை, மரநிழல். பல தூத்துக்குடிக் குடும்பங்களுக்குக் குலசாமி இந்தப் பக்கத்து அய்யனார்கள்தான். புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் இங்கே வருவார்கள், அவர்கள் வண்டியிலேயே நீங்களும் தொற்றிக்கொள்ளலாம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டுக் கடை அதிகம் கிடையாது, தண்ணீரும் தின்பண்டமும் கையில் வேண்டும். வெயிலில் மணல் கொதிக்கும், குன்றில் ஏறுவது முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆகாது. வேன் தேரி மணலுக்குள் இறங்கிச் சிக்கினால் அன்றைய திட்டம் அதோடு முடிந்தது. தார் ரோட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். செப்டம்பர் 14 சிலுவைத் திருவிழா. அதை ஒட்டிய நாட்களில் மணப்பாட்டில் கால் வைக்க இடம் இருக்காது. பன்னிரண்டு மணிக்குக் கிளம்பி, வழியில் எங்கும் நிற்காமல் போய், ஐந்து மணிக்குள் திரும்பத் தொடங்கினால் ரயிலைப் பிடிக்கலாம். கோயிலுக்குப் போக முடியாத, கறி சாப்பிட்ட கூட்டத்துக்கு இது பொருத்தமான இடம்.

## ஊருக்குள்ளேயே

அன்றைக்கே ரயில் என்றால் என் யோசனை இதுதான். மதியம் அறையில் நன்றாகத் தூங்குங்கள். கல்யாணத்துக்காக நாலு மணிக்கு எழுந்தவர்களுக்கு அந்தத் தூக்கம்தான் முதல் தேவை. நாலு மணிக்கு எழுந்து ஆட்டோ பிடித்துப் பீச் ரோட்டுக்கு வாருங்கள்.

முதலில் பனிமய மாதா பேராலயம். ஊரில் பழைய ஆட்கள் தஸ்நேவிஸ் மாதா என்பார்கள். இப்போது இருக்கும் ஆலயம் 1713-ல் கட்டியது, 1982-ல் பசிலிக்கா ஆனது. எந்த மதத்துக்காரரும் உள்ளே போய் உட்காரலாம். நாங்கள் பள்ளிக்கூடப் பரீட்சைக்கு முன்னால் சிவன் கோயிலுக்குப் போய்விட்டு இங்கேயும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போவோம். ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருவிழா. சில ஆண்டுகளில் மட்டும் தங்கத்தேர் ஓடும். 2013-லும் 2023-லும் ஓடியது. அது ஆடி மாதம் என்பதால் இந்து வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் கண்ணில் படுவதில்லை. ஆனால் வேறு விசேஷத்துக்காக அந்தப் பத்து நாளில் வந்தால் பீச் ரோட்டில் வண்டி நகராது, நடந்துதான் போக வேண்டும்.

அங்கிருந்து பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு நடை. மரத்தோணிகள் நிற்கும். மாலத்தீவுக்கும் இலங்கைக்கும் சரக்கு ஏற்றிக்கொண்டு போன தோணிகளின் ஊர் இது. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இங்கேதான். பாடப்புத்தகத்தில் அதைப் படிக்கும் பிள்ளைகளிடம், "இந்தத் தண்ணியிலதான் அந்தக் கப்பல் வந்து நின்னுது" என்று காட்டுங்கள். அவர்கள் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்து மணிக்குத் திரேஸ்புரம். இது சுற்றுலா இடமே அல்ல, மீன்பிடிக்கிறவர்கள் வேலை பார்க்கும் கரை. ஓரமாக நின்று பாருங்கள். நாட்டுப்படகு கரை தட்டியதும் கூடைகள் இறங்கும், ஏலம் கூறுகிறவர் குரல் ஏறிக்கொண்டே போகும். போன வருடம் என் மைத்துனர் மகளைக் கூட்டிப் போயிருந்தேன், ஆறாம் வகுப்புப் பிள்ளை. கணவாய் ஒன்றை ஒரு அக்கா கையில் எடுத்துக் காட்டினாள். இறந்துவிட்டது என்று பிள்ளை நினைத்துக்கொண்டிருக்க, அதன் தோலில் பழுப்புப் புள்ளிகள் பெரிதாவதும் சிறிதாவதுமாக ஓடிக்கொண்டிருந்தன, மூச்சு விடுவதுபோல. பிள்ளை அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. சென்னையில் வஞ்சிரம் என்று வாங்குகிற மீன் இங்கே சீலா. கேட்டால் சிரித்துக்கொண்டே பெயர் சொல்லித் தருவார்கள். கரையில் நிற்கும் ஆட்களிடம் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள், படகுக்காரர் வழியை மறிக்காதீர்கள், செருப்பு நனையும் என்று தெரிந்தே வாருங்கள். விசைப்படகுகள் இங்கே காலையில் போய் இரவில் திரும்பும் வழக்கம். ஆகவே அந்த ஏலம் பார்க்க ரயில் நேரம் இடம் கொடுக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். சித்திரை, வைகாசிக் கல்யாணக்காரர்கள் கண்ணில் நாட்டுப்படகு மட்டும்தான் படும், மீன் விலையும் ஏறியிருக்கும்.

பிள்ளைகள் விளையாட முத்துநகர் கடற்கரை இருக்கிறது, பூங்காவும் உண்டு. முயல் தீவு துறைமுகப் பகுதிக்குள் வருவதால் கிளம்பும் முன் ஊர்க்காரர் யாரிடமாவது விசாரித்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். யாராவது "தீவுக்குப் படகுல கூட்டிட்டுப் போறேன்" என்றால் ஏறாதீர்கள். எதிரே தெரியும் தீவுகள் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்ந்தவை, தேசியப் பூங்கா. அங்கே கால் வைக்க அனுமதி கிடையாது. பவளப்பாறை ஏற்கெனவே நிறைய அழிந்துவிட்டது, மிச்சத்தையாவது விட்டுவைப்போம்.

இன்னொன்று, சூரியன் கடலில் மறைவதைப் பார்க்க ஆசைப்பட்டு வராதீர்கள். இது கிழக்குக் கரை. அந்த ஆசைக்கு விடியற்காலை ஐந்தரைக்கு வர வேண்டும்.

ஏழு மணிக்கு மேல் நைட் கிளப். பயந்துவிடாதீர்கள், எங்கள் ஊரில் சாயங்காலம் திறக்கும் பரோட்டாக் கடைக்கு அந்தப் பெயர். கல்லில் எண்ணெய் மிதக்கப் பொரிந்த பரோட்டா, பிய்த்துப் போட்டு மேலே சால்னா. கல்யாணச் சாப்பாட்டின் மேல் பரோட்டா கனமாக இருக்கும் என்பவர்கள் பார்சல் வாங்கி ரயிலில் சாப்பிடலாம். சால்னாவை இரண்டு கவரில் கட்டச் சொல்லுங்கள்.

இந்தத் தேர்வில் செலவு என்று பார்த்தால் ஆட்டோவும் தின்பண்டமும்தான். வேன் தேவையில்லை. நடக்க முடியாதவர்கள் மாதா கோயில் திண்ணையிலேயே உட்கார்ந்துவிடலாம், மற்றவர்கள் சுற்றிவிட்டு வந்து அழைத்துக்கொள்ளலாம். எவ்வளவு தாமதமானாலும் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறது. குறை என்றால் ஒன்றுதான். பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை வெளியே தலைகாட்ட முடியாது. அந்த நேரத்துக்கு அறை வேண்டும். மண்டபத்து அறையை மதியமே காலி செய்யச் சொல்லிவிடுவார்கள், ஆகவே அறை சாயங்காலம் வரை இருக்குமா என்று கல்யாண வீட்டாரிடம் முந்தின நாளே கேட்டுவிடுங்கள்.

## நவதிருப்பதி

தாமிரபரணிக் கரையில் ஒன்பது பெருமாள் கோயில்கள். ஸ்ரீவைகுண்டத்தில் ஆரம்பித்து, நம்மாழ்வார் பிறந்த ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை என்று போகும். பெருமாள் பக்தியுள்ள பெரியவர்கள் உங்கள் குழுவில் இருந்தால் அவர்களுக்கு இதைவிட நிறைவான காலை இருக்காது. நெல்வயலும் வாழையும் நடுவே ரோடு, கூட்டம் குறைவு, பெரும்பாலும் சமதளம். புரட்டாசிச் சனிக்கிழமை மட்டும் விதிவிலக்கு.

ஆனால் கோயில்கள் நண்பகலோடு நடை சாத்திவிடும், திறக்கச் சாயங்காலம் ஆகும். அதனால் கல்யாண நாளுக்கு ஒத்துவராது. மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் கோயிலில் இருக்க வேண்டும். ஒன்பதையும் ஓடி ஓடி முடிப்பதைவிட நாலு கோயிலை நிதானமாகப் பாருங்கள். ஆழ்வார்திருநகரிப் புளியமரத்தடியில் அரை மணி நேரம் உட்காரத் தோன்றும். அந்த அரை மணியைத் திட்டத்திலேயே வைத்துவிடுங்கள். திரும்பும் வழியில் ஆதிச்சநல்லூர். தோண்டிய குழிகளையும் தாழிகளையும் அவை கிடந்த இடத்திலேயே கண்ணாடிக்குக் கீழே பார்க்கலாம்.

## பாஞ்சாலங்குறிச்சி, ஒட்டப்பிடாரம், எட்டயபுரம்

பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கும், வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமாக்களுக்கும் இது. பாஞ்சாலங்குறிச்சியில் இருப்பது 1974-ல் அரசு கட்டிய நினைவுக்கோட்டை. பழைய கோட்டையை வெள்ளைக்காரன் தரைமட்டமாக்கிவிட்டான் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் ஏமாந்து போவார்கள். ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம், முத்துசாமி தீட்சிதர் சமாதி, சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடக்கமான இடம் மூன்றும் ஒரே ஊரில்.

நாற்கரச் சாலை, வேகமாகப் போய்விடலாம். வரிசை கிடையாது, கறி சாப்பிட்டாலும் தடையில்லை. ஆனால் பாதை நெடுக நிழலே இல்லாத கரிசல் காடு. பங்குனி, சித்திரையில் மதியம் ஒரு மணிக்குப் போனால் யாருக்கும் எதையும் பார்க்கும் தெம்பு இருக்காது. காரில் மதுரைப் பக்கம் திரும்புகிறவர்களுக்கு இது போகிற வழிதான். அவர்கள் தனியாகச் செலவே செய்ய வேண்டாம், எட்டயபுரத்தில் ஒரு மணி நேரம் இறங்கிவிட்டு, கோவில்பட்டிக்குத் திரும்பிக் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு போகலாம்.

## கன்னியாகுமரி

அருமையான ஊர். 1970-ல் கட்டிய விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர் சிலை, இரண்டையும் இணைத்து 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலம், எல்லாமே பார்க்க வேண்டியவைதான். ஆனால் தூத்துக்குடிக் கல்யாணத்தின் மிச்ச நேரத்தில் அல்ல. போகவே இரண்டரை, மூன்று மணி நேரம். படகு சாயங்காலத்துக்கு முன்பே நின்றுவிடும், கடல் சீற்றம் என்றால் அன்று முழுவதும் ஓடாது. ஒரு ராத்திரி அங்கேயே தங்கி நாகர்கோவிலிலிருந்து ரயில் ஏற முடிந்தால் போங்கள்.

## கல்யாண வீட்டுக்காரர்களிடம் ஒரு வார்த்தை

வெளியூர் ஆட்களுக்கு ஆறு இடம் சொல்லிக் குழப்பாதீர்கள். ஒரே ஒரு திட்டம் போட்டு, ஒரு வண்டியும் வழி தெரிந்த ஒரு பையனையும் கொடுங்கள். முந்தின நாள் மூன்று மணிக்குத் திருச்செந்தூருக்கு ஒரு வேன் என்று சொல்லிவிட்டால், வரவேண்டியவர்கள் அதற்கேற்ப ரயில் போடுவார்கள். கல்யாணத்தன்று மதியத்துக்குப் படுக்க நாலு அறை. எங்கள் வீட்டுக் கடைசிக் கல்யாணத்தில் இப்படித்தான் செய்தோம். வேன் வாடகையைவிட அந்த நாலு அறைக்குத்தான் எல்லோரும் நன்றி சொன்னார்கள். ஐப்பசி, கார்த்திகைக் கல்யாணம் என்றால் மழையையும் கணக்கில் வையுங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது, ரோடும் ரயிலும் நின்றுபோயின. வானிலை எச்சரிக்கை வந்தால் சுற்றுவதைத் தள்ளிவைத்துவிட்டு ஆட்களை நேரத்தோடு ஊருக்கு அனுப்பிவிடுங்கள்.

## கையில் என்ன கொண்டுபோவது

உடன்குடிக் கருப்பட்டி, திருச்செந்தூர்ப் பாதையில் போகிறவர்களுக்குச் சுலபம். மற்ற எல்லோருக்கும் மக்ரூன். முந்திரி, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக்கரு, மூன்றே பொருள். சுழித்து ஊற்றிய கூம்பின் முனை பல் பட்டதும் பொடியும், அடிப்பாகம் கொஞ்சம் இழுவையாக, முந்திரி நாக்கில் தட்டுப்படும். முட்டை சேர்ந்தது என்பதைச் சைவக்காரர்களுக்குக் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள். இதற்கு ஈரக்காற்று ஆகாது, கடலோரக் காற்றில் திறந்து வைத்தால் சீக்கிரமே பிசுபிசுத்துவிடும். கடையில் காகிதப் பெட்டியில் தருவார்கள், அதை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். வீட்டிலிருந்து வரும்போதே இறுக மூடும் டப்பா ஒன்று கொண்டுவாருங்கள். பிள்ளைகள் ரயிலில் கேட்பார்கள் என்பதால் அவர்களுக்குத் தனியாக நூறு கிராம் பொட்டலம் ஒன்று. பெரிய டப்பாவை ஊர் போய்ச் சேரும்வரை திறக்க வேண்டாம்.